ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம்

டூயத்லான் என்பது மூன்று கட்டங்கள் கொண்ட ஒரே போட்டி. முதலில் ஓட்டம், அடுத்து சைக்கிள், கடைசியில் மறுபடியும் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. ஷூ மாட்டுவதற்கும் ஹெல்மெட் கட்டுவதற்கும் ஆகும் நேரமும் கடிகாரத்தில் சேரும். டிரையத்லானில் உள்ள நீச்சலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் ஓட்டத்தை வைத்தது போன்ற அமைப்பு இது. உலக டிரையத்லான் அமைப்பின் வழக்கமான அளவுகளில் 'ஸ்பிரிண்ட்' எனப்படும் குறுந்தூரப் போட்டியில் 5 கி.மீ. ஓட்டம், 20 கி.மீ. சைக்கிள், 2.5 கி.மீ. ஓட்டம். 'ஸ்டாண்டர்ட்' போட்டியில் இவை ஒவ்வொன்றும் இரு மடங்கு. சுவிட்சர்லாந்தின் சோஃபிங்கன் நகரில் பவர்மேன் என்ற நெடுந்தூரப் போட்டி 1989-இல் தொடங்கியது. முதல் உலக சாம்பியன்ஷிப் 1990-இல் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் நடந்தது.

திருச்சி போன்ற ஊருக்கு இந்த அமைப்பு நன்றாகவே பொருந்துகிறது. காவிரி, கொள்ளிடம், நகரின் புத்தூர் பகுதியை ஒட்டி உய்யக்கொண்டான் வாய்க்கால் என்று நீர்வழிகளுக்குக் குறைவில்லை. ஆனால் கோடையில் ஆறு மணல்வெளி; மேட்டூர் அணை திறந்தால் சுழல். இரண்டுமே நீச்சல் பயிற்சிக்கு உதவாது. ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் தேவையான சமதளச் சாலையோ ஏராளம். மலைக்கோட்டை, பொன்மலை போன்ற பாறைக் குன்றுகளை விட்டால் நகரமும் ஸ்ரீரங்கம் தீவும் டெல்டாவின் தலைவாசலுக்கே உரிய தட்டையான நிலம்.

தடகளத்தில் திருச்சிக்குப் பெயர் வாங்கித் தந்தது பெரும்பாலும் குறுந்தூரம்தான். 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வென்ற ஆரோக்கிய ராஜீவும், டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் அவரோடு ஓடிய சுபா வெங்கடேசனும் இந்த மாவட்டத்துக்காரர்கள். ஒரு நிமிடத்துக்குள் முடியும் 400 மீட்டர் ஓட்டத்தில் தசைக்குத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ பாதி, ஆக்சிஜனின் உதவி இல்லாமலே வருகிறது. ஒன்றரை மணி நேரம் நீளும் ஸ்பிரிண்ட் டூயத்லானில் கிட்டத்தட்ட முழு ஆற்றலும் ஆக்சிஜன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். புதிதாக வருபவர் முதலில் மனத்தில் வாங்க வேண்டிய வேறுபாடு இதுதான். வேகமாக ஓடத் தெரிவது இங்கே இரண்டாம்பட்சம். ஆற்றலை எந்த வீதத்தில் செலவழிப்பது என்று தெரிவதே முதல் தேவை.

ஓடும்போது மனித உடல் ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் காற்றில் இருக்கிறது. பிறகு ஒற்றைக் காலில் விழுகிறது. விழும் காலின் மீது தரை திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. இந்த அடியை வெறுமனே தாங்கிக்கொள்வதோடு கால் நிற்பதில்லை, அதில் ஒரு பகுதியைச் சேமித்தும் வைக்கிறது. கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் தடித்த குதிநாண் இழுபட்டு, அடுத்த நொடிப்பின்னத்தில் சுருங்கி உடலை முன்னே தள்ளுகிறது. பாதத்தின் வளைவும் இதே வேலையைச் செய்கிறது. பிரிட்டிஷ் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டரின் குழு 1987-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒவ்வோர் அடியிலும் உடல் இழந்து மீண்டும் பெறும் இயக்க ஆற்றலில் 35 விழுக்காட்டைக் குதிநாணும் 17 விழுக்காட்டைப் பாத வளைவும் சேமித்துத் தருகின்றன. பாதிக்கு மேல் இலவசம்.

அப்படியும் ஓட்டம் செலவு மிகுந்த இயக்கம்தான். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் சுமந்து ஓட ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 5 கி.மீ. ஓடினால் 300 கிலோகலோரி. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இந்தத் தொகை பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் கொழுப்பும் மாவுச்சத்தும் கலந்து எரிகின்றன. மூச்சு வாங்கி, இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகத்துக்குப் போனால் கொழுப்பை எரிக்கும் வழி பின்தங்கி, தசையில் கிளைக்கோஜனாகச் சேர்ந்துள்ள மாவுச்சத்து வேகமாகக் கரையத் தொடங்குகிறது. ஆக்சிஜன் போதாத நிலையில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கிடைப்பது ஏடிபி எனும் ஆற்றல் மூலக்கூறு இரண்டு மட்டுமே. ஆக்சிஜனோடு எரிந்தால் அதே குளுக்கோஸ் ஏறத்தாழ 30 தரும். தொடக்கக் கோட்டில் கூட்டத்தோடு சேர்ந்து பாய்பவர் இந்த மட்டமான மாற்று விகிதத்தில்தான் தன் சேமிப்பைக் கரைக்கிறார். அதன் விலை அப்போது தெரிவதில்லை. சைக்கிளிலும் பெரும்பாலும் தெரிவதில்லை. கடைசி 2.5 கி.மீட்டரில்தான் மொத்தமாகத் தெரிகிறது.

சைக்கிளில் விதிகள் மாறுகின்றன. உடல் எடையை இருக்கை தாங்குகிறது. தரை மோதும் அடி இல்லை. குதிநாணின் விற்சுருள் வேலையும் இல்லை. ஓட்டத்தில் தொடைத்தசை நீண்டபடியே விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. மிதிக்கும்போது அது சுருங்கியபடி மட்டுமே வேலை செய்கிறது. தசைநார்களில் நுண்ணிய கிழிசலை உண்டாக்குவது முதல் வகை வேலை. ஓட்டக்காரர்கள் மூட்டு வலித்தால் சைக்கிளுக்கு மாறுவதன் காரணம் இது.

எடை இங்கே பெரிய பொருட்டில்லை, சமதளத்தில் நிச்சயமாக இல்லை. எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் இருபடியாகக் கூடுகிறது. அதை வெல்லத் தேவையான திறனோ முப்படியாக. நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும் ஒருவரைக் கணக்குப் போட்டால், காற்றுக்குச் சுமார் 77 வாட், டயர் உருள்வதற்குச் சுமார் 35 வாட், ஆக 112 வாட் வேண்டும். சைக்கிளின் எடை 10 கிலோ கூடினாலும் கூடுதல் செலவு நான்கு வாட் அளவில்தான். வீட்டில் இருக்கும் கனமான சைக்கிளை ஒதுக்கிவிட்டு முதல் போட்டிக்கே விலை உயர்ந்த ரோடு பைக் வாங்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல வாதம் இல்லை. முழங்கையை மடித்து உடலைத் தாழ்த்துவதும், டயரில் காற்று சரியாக வைப்பதும், இருக்கையைச் சரியான உயரத்தில் நிறுத்துவதும் அதைவிட அதிகம் தரும். குதிகாலைப் பெடலின் அடிநிலையில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இருக்கை உயரத்துக்கு அது போதுமான அளவுகோல்.

திருச்சியில் காற்றுக்கு ஒரு பருவம் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, கோவை, கரூர் வழியே காவிரிப் படுகையில் கிழக்கு நோக்கி வீசுகிறது. ஆடிக்காற்று என்று ஊர் சொல்வது இதைத்தான். குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டி, காவிரியின் தென்கரையை ஒட்டிய கரூர் சாலையில் மேற்கே 10 கி.மீ. போய்த் திரும்பும் ஒருவர் போகும்போது அதை நெஞ்சில் வாங்குகிறார், வரும்போது முதுகில். போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்று தோன்றும். கணக்கு அப்படி வருவதில்லை. மேலே சொன்ன அதே 112 வாட்டை மாறாமல் மிதிப்பவருக்கு, மணிக்கு 15 கி.மீ. எதிர்காற்றில் வேகம் சுமார் 17 ஆகக் குறைகிறது. பின்காற்றில் 34-ஐத் தாண்டுகிறது. போக 35 நிமிடம், வர 17 அல்லது 18 நிமிடம், மொத்தம் 52-க்குச் சற்று மேல். காற்றில்லாத நாளில் 48 நிமிடம் போதும். மெதுவான பாதியில் அதிக நேரம் இருப்பதால் இழப்பு ஈடாவதில்லை. அதைவிட மோசமான இன்னொன்று உண்டு. எதிர்காற்றிலும் 25-ஐ விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் சுமார் 230 வாட், அதாவது இரண்டு மடங்கு திறன் கொடுத்தாக வேண்டும். பழகாத கால்கள் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்குவதில்லை. ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து மிதிப்பதே ஆடி மாதத்தில் புத்திசாலித்தனம்.

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றுத்தடை கால்பங்குக்கு மேல் குறையும். அமெச்சூர் போட்டிகள் பலவற்றில் இதற்கு அனுமதி இல்லை. குறிப்பிட்ட இடைவெளி விட வேண்டும். பயிற்சியில் அனுமதி இருந்தாலும், பேருந்தும் மணல் லாரியும் ஓடும் கரூர் சாலையில் புதியவர் செய்யத் தக்கதல்ல.

சைக்கிளை நிறுத்துமிடத்தில் வைத்துவிட்டு ஓடத் தொடங்கும் முதல் சில நிமிடங்கள்தான் டூயத்லானின் தனிக்குணம். கால் தன்னுடையதில்லை என்பது போல் இருக்கும். தொடை மரத்து, முழங்கால் தூக்க மறுத்து, நெஞ்சு படபடக்கும். இது பலவீனம் அல்ல. பல காரணங்கள் ஒன்றாகச் சேரும் இடம். அரை மணி நேரத்துக்கு மேலாக இடுப்பு மடங்கியே இருந்ததால் இடுப்பை மடக்கும் தசைகள் இறுகியிருக்கின்றன. ஓட்டத்துக்கோ இடுப்பு பின்னோக்கி நீள வேண்டும். தொடையின் முன்தசை ஏற்கெனவே களைத்திருக்கிறது. இத்தனை நேரம் சும்மா இருந்த குதிநாண் திடீரென்று எடையைப் போல் பல மடங்கு விசையைச் சந்திக்கிறது. நரம்பு மண்டலமோ மிதிக்கும் தாளத்தை இன்னும் விடவில்லை.

இந்தத் தாளம் ஆராயப்பட்டிருக்கிறது. காட்ஷால், பாமர் ஆகிய இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், டிரையத்லான் வீரர்கள் அரை மணி நேரம் சைக்கிள் மிதித்துவிட்டு 3,200 மீட்டர் ஓடினார்கள். வேகமான சுழற்சியில் மிதித்த நாளில் ஓட்டமும் வேகமாக அமைந்தது. அடியின் நீளம் கூடாமல் நிமிடத்துக்கான அடிகளின் எண்ணிக்கைதான் கூடியிருந்தது. காலின் தாளம் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது என்பது அதன் பொருள். அதே வேளையில், கடைசிக் கட்டத்தில் மெதுவாக மிதித்தவர்கள் களைப்படையாமல் அதிக நேரம் ஓடினார்கள் என்று காட்டிய ஆய்வும் உண்டு. எனவே இதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது. பலரும் பின்பற்றும் நடைமுறை ஒன்று உண்டு: கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் கனமான கியரை விட்டு இலகுவான கியரில், காலைப் பிழியாமல் மிதிப்பது.

இந்த மாற்றத்துக்குப் பழகுவதற்கென்றே 'பிரிக்' எனப்படும் பயிற்சி இருக்கிறது. சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓடுவதுதான் அது. நீளமாக ஓட வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை வயலூர் சாலையில் முக்கால் மணி மிதித்துவிட்டு வந்து, வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தியதும் பத்து நிமிடம் ஓடினால் போதும். நான்கைந்து வாரங்களில் அந்த மரத்த உணர்வு குறுகிவிடுகிறது. தசை பலம் கூடியதைவிட, நரம்பு மண்டலம் ஒரு தாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பழகியதே இதற்கு முக்கியக் காரணம்.

இனி வெப்பம். புத்தூரில் இருந்து ஓடுகிறவருக்கு இது நான்காவது கட்டம் என்றே சொல்லலாம்.

தசையில் எரியும் ஆற்றலில் முக்கால் பங்கு அல்லது அதற்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது. மணிக்கு 10 கி.மீ. ஓடும் 60 கிலோ மனிதர் 600 கிலோகலோரி செலவிட்டால் குறைந்தது 450 கிலோகலோரி வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை கொஞ்சம் வெப்பம் அதற்குப் போகும். திருச்சியின் ஏப்ரல், மே மாதங்களில் அந்த வசதி சுருங்கிவிடுகிறது, மிச்சமிருப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துப் போகும். ஆவியாவதுதான் குளிர்விக்கிறது. சொட்டித் தரையில் விழும் வியர்வை உடலின் நீரை மட்டும் குறைக்கிறது, வெப்பத்தைக் குறைப்பதில்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஓடுகிறவர்கள் விடியற்காலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெப்பநிலை அப்போதுதான் குறைவு. ஆனால் காற்றின் ஈரப்பதம் நாளில் மிக அதிகமாக இருப்பதும் அதே நேரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த மறுநாள் காலை உய்யக்கொண்டான் கரையில் ஓடினால், குளிராகத்தான் தெரியும். சட்டை மட்டும் பிழியும் அளவுக்கு நனைந்திருக்கும். ஆனாலும் வெயிலின் நேரடிச் சூடு இல்லாத காரணத்தால் விடியற்காலையே தேர்வு. கத்திரி வெயில் நாட்களில் ஏழரை மணிக்கு மேல் ஓடுவதை வீரம் என்று எண்ணத் தேவையில்லை.

டூயத்லானின் வரிசை இந்த வெப்பக் கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. முதல் ஓட்டத்தில் உடல் சூடேறுகிறது. சைக்கிளில் மணிக்கு 25 கி.மீ. காற்று மேலே படுவதால் வியர்வை விரைவாக உலர்ந்து, எல்லாம் அடங்கிவிட்டது போன்ற உணர்வு வருகிறது, தாகமும் மறந்துவிடுகிறது. அப்படியே இறங்கி இரண்டாவது ஓட்டத்தைத் தொடங்கும்போது அந்தக் காற்று சட்டென்று நின்றுபோகிறது, வெப்ப உற்பத்தியோ கூடுகிறது, சூரியனும் ஏறியிருக்கிறது. தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்ப வேண்டிய இதயம், வியர்வையால் குறைந்துபோன இரத்த அளவை வைத்துக்கொண்டு வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போவது இதனால்தான். எனவே தண்ணீர் குடிக்கச் சரியான இடம் சைக்கிள். சட்டத்தில் பாட்டில் மாட்டியிருக்கும், வயிறும் குலுங்காது.

எவ்வளவு குடிப்பது என்பதில் பழைய அறிவுரை மாறியிருக்கிறது. முடிந்தவரை குடி என்பதன் ஆபத்து 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தப் பரிசோதனை செய்தபோது வெளிப்பட்டது. பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களே அதில் அதிகம் சிக்கினார்கள். ஒன்றரை மணி நேரப் போட்டிக்கு, தாகத்துக்குக் குடிப்பது போதும். வியர்வையில் அதிகம் போவது சோடியம் என்பதால் உப்புப் போட்ட நீர்மோர் அதற்குப் பொருத்தமான பானம். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு; தாகம் தீர்க்கும், உப்பிழப்பை ஈடுசெய்யாது.

வெப்பத்துக்கு உடல் பழகும் என்பது நல்ல செய்தி. தினமும் ஒரு மணி நேரம் போல வெப்பத்தில் மிதமாக உழைத்தால் பத்து முதல் பதினான்கு நாட்களில் இரத்தத் திரவத்தின் அளவு கூடுகிறது, வியர்வை முன்னதாகத் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. குளிர்சாதன அறையில் நாள் முழுதும் வேலை செய்பவர், ஊர்க்காரர் என்பதாலேயே பழகியவர் ஆகிவிடமாட்டார். ஓடும்போது தலைசுற்றல், குளிர் நடுக்கம், பேச்சில் குழறல் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். குழப்பத்தோடு உடல் கொதித்தால் அது வெப்பவாதம். அப்போது முதல் வேலை குளிர்விப்பது. நிழலில் கிடத்தி, உடல் முழுதும் குளிர்ந்த நீர் ஊற்றி, கிடைத்தால் ஐஸ் வைத்து, அதைச் செய்துகொண்டே ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். காத்திருக்கும் நிமிடங்களில்தான் மூளையும் ஈரலும் சேதமடைகின்றன.

உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் அளவான வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கும். இரண்டு மணி நேரம் முன்னதாக இரண்டு மூன்று இட்லி, காரச் சட்னியைத் தவிர்த்து, போதுமானது. அன்று புதிதாக எதையும் சோதிக்கக் கூடாது.

பயிற்சிக்கு எத்தனை வாரம் என்ற கேள்விக்கு உடலின் ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. இதயமும் நுரையீரலும், தசைக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாவும் சில வாரங்களில் முன்னேறுகின்றன. தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. எலும்பு, புதிய சுமைக்குத் தன்னை மாற்றும்போது முதலில் பழைய திசுவைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதியதைக் கட்டுகிறது; இடைப்பட்ட வாரங்களில் அது முன்பைவிடச் சற்று மென்மையாக இருக்கும். மூச்சு தாங்குகிறது என்று இரண்டாம் மாதத்திலேயே தூரத்தைக் கூட்டுபவருக்கு கணைக்கால் எலும்பில் வலி வருவதும், சிலருக்கு அது நுண்முறிவாக மாறுவதும் இந்த இடைவெளியில்தான். ஓட்டத்தைக் கூட்ட முடியாத வாரத்தில் சைக்கிளைக் கூட்டலாம். இதயத்துக்கு இரண்டும் ஒன்று, எலும்புக்கு அல்ல. டூயத்லானுக்குப் பயிற்சி எடுப்பவர் வெறும் ஓட்டக்காரரைவிடக் காயம் குறைந்து தப்பிக்க வழி இருப்பது இப்படித்தான்.

ஏற்கெனவே நிறுத்தாமல் 3 கி.மீ. ஓடக்கூடியவருக்கு மூன்று மாதம் நியாயமான காலம். வாரத்தில் மூன்று ஓட்டம், இரண்டு சைக்கிள், அதில் ஒன்று பிரிக். பெரும்பகுதி பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தேரோடும் சித்திரை வீதிகள் சமதளச் சுற்றாக இருக்கின்றன. புத்தூர் பக்கம், போக்குவரத்து விழிக்கும் முன் வயலூர் சாலை. நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

போட்டி நாளில் முதல் 5 கி.மீட்டரைத் தனியாக ஓடினால் ஆகும் நேரத்தைவிட, கிலோமீட்டருக்கு 15 முதல் 20 நொடி மெதுவாக ஓட வேண்டும். மொத்தத்தில் இழப்பது அதிகபட்சம் 100 நொடி. அதை மிச்சம் பிடிக்கப் பாய்ந்தவர் இரண்டாவது ஓட்டத்தில் நடக்க நேர்ந்தால் கிலோமீட்டருக்குச் சில நிமிடங்கள் போகும். நிறுத்துமிடத்தில் இன்னொரு கட்டுப்பாடு: ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும், குறிக்கப்பட்ட கோட்டைத் தாண்டிய பிறகே ஏற வேண்டும். மீறினால் தண்டனை நேரம் சேரும், தகுதியும் போகலாம்.

மறுநாள் காலை வலி இருக்கும். அதற்கடுத்த நாள் இன்னும் கூடும். நீண்டபடி விசை தாங்கிய தசைநார்களில் ஏற்பட்ட நுண்சேதமும் அதைச் சரிசெய்ய வரும் அழற்சியும் ஒன்று முதல் மூன்று நாளில் உச்சம் அடைகின்றன. லாக்டேட் தேங்கியதால் வரும் வலி என்ற நம்பிக்கை தவறு; அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் இருந்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. இந்த வலி மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளில் ஏறும்போது ஓரளவே தெரியும், இறங்கும்போதுதான் வாட்டும். இறக்கத்தில் தொடைத்தசை மறுபடியும் நீண்டபடி வேலை செய்கிறது. இரண்டு மூன்று நாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மெதுவாகச் சைக்கிள் மிதித்தால் தானாக அடங்கும். தொடை முழுதும் பரவிய வலி இந்த வகை. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், எலும்பின் மேல், நடக்கும்போதும் விடாமல் இருக்கும் வலி வேறு; அதற்கு எலும்பு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.